வளாகத் தொலைக்காட்சிக்கு ஒரு பகிடித் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் படிக்கும் மாணவர்கள் தங்கள் வளாகத் தொலைக்காட்சிக்குப் பகிடித் தொடர் எடுக்க முனையும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வளாகத் தொலைக்காட்சி என்று இங்கே சொல்வது மாணவர்களே நடத்தும் ஒளிபரப்பை: கன்டீனிலும் நூலக வாசலிலும் ஒரு திரை, கூடவே ஒரு யூடியூப் பக்கம். கையில் இரண்டு கமராவோ இரண்டு போனோ, ஓர் ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மூன்று மைக், ஒரு மடிக்கணினி இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

ஓர் அத்தியாயம் எத்தனை நிமிடம் இருக்கவேண்டும்? எத்தனை அத்தியாயம்?

8 முதல் 10 நிமிடம். இரண்டு விரிவுரைகளுக்கு நடுவில் பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய நீளம் அது. ஒரு செமஸ்டருக்கு 6 அத்தியாயம் போதும். 15 வார செமஸ்டரில் முதல் 4 வாரம் எழுத, அடுத்த 6 வாரம் எடுக்க, எடிட் அதோடு சேர்ந்தே ஓட, கடைசி வாரங்கள் பரீட்சைக்கு என்று கணக்குப் போட்டால் 12 அத்தியாயம் என்ற ஆசை தானாக அடங்கிவிடும். மூன்று அத்தியாயம் முழுதாக முடிந்து கையில் இருக்கும்வரை முதலாவதை வெளியிடவேண்டாம். வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டு மூன்றாம் வாரம் வெறுந்திரையோடு நிற்கும் தொடர்களுக்கு எல்லாம் காரணம் இந்தக் கையிருப்பு இல்லாததுதான்.

கதைக்கு என்ன செய்வது? பகிடிகள் நிறையக் கைவசம் இருக்கின்றன, ஆனால் தொடராக நிற்கவில்லை.

பகிடிகளைச் சேர்த்தால் துணுக்குத் தோரணம்தான் வரும். தொடருக்கு வேண்டியது, ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலு பேரும் அவர்கள் விட்டு ஓடமுடியாத ஓர் இடமும். விடுதி அறை அதற்கென்றே கட்டிவைத்தது போல இருக்கிறது. யாரிடமும் "ஏலாது" என்று சொல்லத் தெரியாதவன் ஒருவன். மாணவர் கைநூலின் எல்லா விதியையும் மனப்பாடமாக வைத்திருப்பவன் ஒருவன். கட்டிலுக்குக் கீழே கடை போட்டு நூடில்ஸும் ரீலோட்டும் விற்பவன் ஒருவன். விரிவுரையாளரைக் கண்டாலே நா குழறுபவன் ஒருவன். இந்த நால்வரும் எதற்கு என்ன செய்வார்கள் என்று பார்வையாளருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடவேண்டும். தெரிந்தது நடக்கப்போகிறது என்று காத்திருப்பதில்தான் பாதிச் சிரிப்பு.

ஓர் அத்தியாயத்துக்கு மிகச் சிறிய காரியம் ஒன்று போதும். பட்ச் நிகழ்ச்சிக்கு இரவல் வாங்கிய புரொஜெக்டரைப் பின்னேரம் 4 மணிக்குள் களஞ்சியத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வைப்போம். "ஏலாது" சொல்லத் தெரியாதவன் அதை வேறொரு பீடத்துக்குக் கொடுத்துவிட்டான். அதனால் கடைக்காரன் களஞ்சியப் பொறுப்பாளரைப் பேச்சில் பிடித்துவைக்கப் போகிறான். ஆனால் விதி தெரிந்தவன் அங்கே முன்கூட்டியே போய் உண்மையை எழுத்தில் கொடுத்துவிட்டான். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் "அதனால்" அல்லது "ஆனால்" என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். "பிறகு" என்ற சொல் மட்டுமே பொருந்துகிறது என்றால் அந்தக் காட்சி கதையைத் தள்ளவில்லை, வெட்டிவிடலாம்.

எந்தத் தமிழில் பேசவேண்டும்?

பாத்திரத்தின் ஊர்த் தமிழில். திருகோணமலையில் ஒரே வகுப்பில் நகரத்துப் பிள்ளை, மூதூர், கிண்ணியாப் பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். "சேர் இன்னும் வரேல்லை", "சேர் இன்னும் வரல்ல", "சேர் இன்னும் வரலைங்க" மூன்றும் மூன்று வீட்டைக் காட்டும். அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறவரும் நானா, ராத்தா என்று கூப்பிடுகிறவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். மச்சான் எல்லாருக்கும் பொது. பேச்சு மெய்யாக இருந்தால் பாத்திரம் பாதி எழுதி முடிந்தது போல.

இரண்டு எச்சரிக்கை. எழுதுபவருக்குப் பழக்கமில்லாத பேச்சை அந்தப் பேச்சுக்குரிய நடிகரிடமே கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். சென்னைப் படங்களில் கேட்டதை வைத்து எழுதவே வேண்டாம். மற்றது, ஒருவர் பேசும் விதமே பகிடியாக இருக்கக்கூடாது. பேசுகிறவர் கேட்பது ஒன்று, கிடைப்பது இன்னொன்று என்ற நிலைமையில் சிரிப்பு இருக்கட்டும். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கவைத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் அடுத்த நாள் கன்டீனில் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

பகிடிவதையை வைத்து ஒரு காட்சி எடுக்கலாமா?

புதுமுக மாணவர் அவமானப்படுவதே சிரிப்பாக அமையும் காட்சி வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கி, 2 ஆண்டு வரை கடூழியச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 ஆண்டு வரை போகும். திரையில் அதை விளையாட்டாகக் காட்டுவது, நடந்துகொண்டிருப்பதற்கு மறைப்புக் கொடுப்பதாகும். பகிடி என்ற நல்ல சொல்லை வதையோடு ஒட்டவைத்த வழக்கத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வேலையையும் இப்படி ஒரு தொடர் செய்யமுடியும்.

இதில் பலர் கவனிக்காத இடம் நடிகர் தேர்வு. சீனியர்கள் நாற்காலியில் இருந்துகொண்டு ஜூனியரை "நடிச்சுக் காட்டு" என்று சொன்னால், நோக்கம் எதுவானாலும் காட்சி அதேதான். தேர்வைப் பகலில், திறந்த மண்டபத்தில், ஒரு விரிவுரையாளர் இருக்கும்போது வையுங்கள். வாசிக்கவேண்டிய பக்கத்தை முதல் நாளே கொடுங்கள். சீனியர்களும் அதே பக்கத்தை அதே வரிசையில் நின்று வாசிக்கட்டும்.

எழுதியது எத்தனை நிமிடம் வரும் என்று எப்படிக் கணிப்பது?

பக்கத்தை எண்ணவேண்டாம். ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்குச் சொல்லும் "பக்கத்துக்கு ஒரு நிமிடம்" தமிழ்த் தட்டச்சுப் பக்கத்துக்குப் பொருந்தாது. நாலு பேர் இருந்து, அசைவுகளையும் சொல்லிக்கொண்டு, நிறுத்தற்கடிகாரம் வைத்து வாசியுங்கள். வாசிப்பில் 10 நிமிடம் வந்தால் எடுத்தபின் 12 வரும், ஏனென்றால் கதவு திறப்பதும் பார்வை மாறுவதும் வாசிப்பில் வராது. ஆகவே 8 நிமிட வாசிப்பை இலக்காக வையுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

நடிகரைத் தவிர 6 பேர்: இயக்குபவர், கமராவுக்கு இருவர், ஒலிக்கு ஒருவர், தொடர்ச்சி பார்ப்பவர், அனுமதியும் சாப்பாடும் பார்ப்பவர். ஒலிக்காரருக்கு வேறெந்த வேலையும் கொடுக்கவேண்டாம். தொடர்ச்சி பார்ப்பவர் ஒவ்வொரு ஷொட்டுக்கும் போனில் ஒரு படம் எடுத்து, காட்சி எண், உடை, கையில் இருந்த பொருள், எந்த டேக் நல்லது என்று கொப்பியில் எழுதவேண்டும். எடிட்டின்போது இந்தக் கொப்பி ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

எங்கே எடுக்கலாம், யாரிடம் கேட்கவேண்டும்?

வளாகத்துக்குள் என்றால் வளாக முதல்வர் அலுவலகத்துக்குப் பீடாதிபதி ஊடாக ஒரு கடிதம்: திகதி, நேரம், இடம், ஆட்களின் பெயர்ப்பட்டியல், பொறுப்பான விரிவுரையாளர். அதன் பிரதி பாதுகாப்பு வாயிலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் காலை வாயிலிலேயே போய்விடும். வளாகம் இருக்கும் கோணேசபுரியில் பின்னேரம் எடுத்தால் நிலாவெளி வீதியில் பஸ் கிடைக்கும் நேரத்தையும் பெண்கள் விடுதி மூடும் நேரத்தையும் படப்பிடிப்பு அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். விடுதி அறைக் காட்சிகளை உண்மையான அறையில் எடுக்கவேண்டியதில்லை. வெறும் வகுப்பறையின் ஒரு மூலையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கொடிக்கயிறு, ஒரு நுளம்புவலை வைத்தால் இரண்டு பக்கச் சுவர் போதும். கமராவுக்குப் பின்வாங்க இடமும் இருக்கும்.

நகரத்தில் எடுப்பவர்கள் மறக்கக்கூடாதது, பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை இருக்கிறது என்பதுதான். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே கோட்டை வாசலுக்குள்ளால்தான். போனில் படம் எடுப்பது ஒன்று, முக்காலியும் மைக் தடியும் கொண்டுபோவது வேறு. கோயில் நிர்வாகத்திடமும் கோட்டை வாசலிலும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், அல்லது அந்தக் காட்சியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவு வேண்டும்; கடற்படைத் தளமுள்ள ஊரில் அதற்கு மேலும் அனுமதிகள் வேண்டும். பகிடிக்கு மேலிருந்து பார்க்கும் ஷொட் எதையும் சேர்ப்பதில்லை, முகம்தான் வேண்டும், ஆகவே விட்டுவிடலாம். புறாத்தீவு தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. நகரத்தில் திரியும் புள்ளிமான்கள் கமராவின் பார்வைக்குள் தாமாக வந்தால் நல்லது. தீனி காட்டிக் கூப்பிடவேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்?

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களுக்கு உள்ளறைக் காட்சிகளை வையுங்கள். ஆனால் தகரக்கூரைக்குக் கீழே மழை பெய்தால் வசனம் ஒன்றும் கேட்காது. கொங்கிரீட் தட்டுள்ள அறையாகப் பாருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. வெளிச்சம் அருமையாக இருக்கும், மைக்குக்குத்தான் தொல்லை.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் கிழக்கே பார்ப்பவை. கடலைப் பின்னால் வைத்து முகத்தை எடுக்கக் காலை 6:30 இலிருந்து 8 வரை வேண்டாம், சூரியன் கமராவுக்குள்ளேயே அடிக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு சூரியன் நிலப்பக்கம் போய்விடும்; முகத்தில் மெல்லிய வெளிச்சம், பின்னால் நீலம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு நேர்மேலே நிற்கும். அப்போது கண்குழிகள் கறுத்துப்போகும். கண் தெரியாத முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 11 முதல் 2 வரை விறாந்தை நிழலுக்குள் வாருங்கள், அல்லது உள்ளே எடுங்கள். கடற்கரையில் எடுத்த நாள் இரவு, லென்ஸ் கண்ணாடியிலும் முக்காலிக் கால்களிலும் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

கமரா அமைப்புகள் என்ன?

நொடிக்கு 25 சட்டகம் (பிரேம்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டகத்திலும் வெளிச்சம் விழும் நேரம், 1/50 நொடி. இலங்கையில் 1979 இல் தொலைக்காட்சி தொடங்கிய காலம் முதல் 25 சட்டகம்தான் வழக்கம், அதற்குக் காரணம் எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதே. டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். 30 சட்டகமும் 1/60 ஷட்டரும் வைத்தால் விரிவுரை மண்டபக் காட்சியில் வெளிச்சம் அலையலையாக ஓடும், எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. போன்கள் வாங்கும்போது 30 இல் இருக்கும். சட்டக வீதம், ஷட்டர், வெள்ளைச் சமநிலை, குவியம் நான்கையும் பூட்டக்கூடிய செயலியில் எடுங்கள். தானியங்கி வெளிச்சம் ஓடினால் வெள்ளைச் சேர்ட் போட்டவர் நடந்துபோகும்போது முழுப்படமும் இருண்டு வெளுக்கும்.

1080 தரம் போதும். இரண்டு கமராவும் ஒரே அமைப்பில் இருப்பது, ஒன்று மட்டும் 4கே எடுப்பதைவிட முக்கியம்.

ஒலி ஏன் ஒவ்வொரு முறையும் பிழைக்கிறது?

கமராவிலுள்ள மைக்கை நம்புவதால். பகிடியின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது; அந்த ஒரு சொல் மின்விசிறிச் சத்தத்தில் போனால் ஒரு நிமிடக் கட்டமைப்பு வீண். படம் கொஞ்சம் மங்கினாலும் சிரிப்பார்கள். என்ன சொன்னான் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவேண்டி வந்தால் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். ஆகவே காசு இருந்தால் முதலில் மைக் வாங்குங்கள், பிறகு லென்ஸ்.

தூரம்தான் எல்லாம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். தடியில் கட்டிய மைக் படத்தில் தெரியும் எல்லைக்கு மேலே, வாயிலிருந்து 40 முதல் 60 சென்ரிமீற்றருக்குள். சட்டை மைக் நாடிக்குக் கீழே ஒரு சாண், நெஞ்செலும்பின் மேல். பொலியெஸ்டர் சேர்ட் உரசும், பருத்தி உரசாது; உடையைத் தெரிவு செய்யும்போதே ஒலிக்காரரைக் கேளுங்கள். ஹிஜாப் அணிந்தவருக்கு மைக்கைத் துணிக்கு உள்ளே வைத்தால் குரல் மூடிக்கொள்ளும், தலை திரும்ப உரசும். வெளியோரத்தில், துணி நிறத்திலேயே ஒரு நாடா போட்டு ஒட்டுங்கள். பெண்களுக்கு மைக் மாட்ட ஒரு பெண் குழுவில் இருக்கவேண்டும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் மைக்குகள் விடுதி வைஃபை நிறைந்த இடத்தில் துண்டுபடும், உடம்பு மறைத்தாலும் துண்டுபடும். அதற்கு எளிய மாற்று, நடிகரின் சட்டைப்பையில் ஒரு போனை வைத்து, வயருள்ள சட்டை மைக்கை அதில் செருகிப் பதிவது. விமானப் பயன்முறையில் போட மறக்கவேண்டாம்.

பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மீற்றரில் −12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். பகிடியில் யாராவது ஒருவர் எப்படியும் கத்துவார், அதற்கு மேலே இடம் வேண்டும். உச்சம் உடைந்து பதிந்த கத்தலை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது.

எடுக்கத் தொடங்குமுன் அறையில் ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், திருகோணமலை வெக்கையில் 10 நிமிடத்துக்கு மேல் அப்படி நடிக்கமுடியாது, ஆகவே 10 நிமிடம் எடுத்து 5 நிமிடம் விசிறி போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தவேண்டும். திரும்பப் போட மறக்காமல் இருக்க, மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள்ளேயே வையுங்கள். திறப்பை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. பாங்கு நேரத்தையும் கோயில் பூசை நேரத்தையும் அட்டவணையில் எழுதி அதை ஓய்வு நேரமாக்குங்கள். சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் நகரத்தில் வெளிக்காட்சி வைக்கவேண்டாம்.

வெளியே கச்சான் காற்றுக்கு மைக்கின் கறுப்புப் பஞ்சு உறை போதாது, நீண்ட மயிர் போன்ற நாருள்ள உறை வேண்டும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் வசதியைப் போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 30 நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதியுங்கள். வசனங்களுக்கு இடையிலுள்ள வெட்டுகளை நிரப்ப அதுதான் கைகொடுக்கும். ஹெட்போன் இல்லாமல் ஒலி பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு கமரா பிடிப்பது போல.

ஒரு காட்சியை எத்தனை ஷொட்டாக எடுப்பது?

முழுக்காட்சியையும் தூரத்திலிருந்து ஒரு தரம். பிறகு ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு தரம், முழு வசனத்தோடும். கடைசியாகக் கையிலுள்ள பொருள், கதவு, மணிக்கூடு போன்றவை. கமராக்கள், பேசிக்கொள்ளும் இருவருக்கும் இடையிலுள்ள கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல வரும்.

பேசுகிறவரைவிடக் கேட்கிறவரின் முகம் முக்கியம். வசனம் இல்லாதவர் மேல் கமராவை வைத்து முழுக்காட்சியையும் ஒரு தரம் எடுங்கள். அதிலிருந்து எடுக்கும் 2 நொடிப் பார்வை ஓர் அத்தியாயத்தையே காப்பாற்றக்கூடும். விழுவது, வழுக்குவது, கதவில் மோதுவது போன்றவற்றை முகத்தருகே எடுக்கவேண்டாம். முழு உடம்பும் தெரியும் தூரத்திலிருந்து, வெட்டில்லாமல்.

நடிகர்கள் சிரித்துவிடுகிறார்கள், அல்லது மேடைநாடகம் போலப் பேசுகிறார்கள். என்ன செய்வது?

சிரிப்பது ஒத்திகை போதாததன் அறிகுறி. கமரா இல்லாமல் 5 தடவை முழுதாகச் செய்யுங்கள். அதற்குள் பகிடி அவர்களுக்குப் பழகிப்போய், காரியம் மட்டும் மிஞ்சும். பாத்திரத்துக்குத் தான் பகிடி செய்வது தெரியக்கூடாது. புரொஜெக்டரைத் தேடுபவனுக்கு அது உண்மையான ஆபத்து. கூத்தில் கட்டியக்காரன் சபையைப் பார்த்துப் பேசலாம், அது அந்தக் களரியின் முறை. கமராவுக்கு முன்னால் அதே கையசைப்பும் உரத்த குரலும் பொய்யாகத் தெரியும். மேடையில் பழகியவருக்கு "பக்கத்துக் கட்டிலில் ஒருவர் நித்திரை" என்று சொல்லிப் பேசவையுங்கள், குரல் தானாக இறங்கும்.

கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு சின்ன நிறுத்தம், அதற்குப் பின் ஒருவரும் பேசாத ஒரு நொடி. இந்த இரண்டையும் ஒத்திகையிலேயே பழக்குங்கள். இயக்குபவர் "கட்" சொல்வதை 3 நொடி தாமதிக்கவேண்டும். வசனம் முடிந்த பிறகுதான் நடிகர் முகத்தில் நல்லது வரும்.

பின்னணியில் சிரிப்பொலி போடலாமா?

பதிந்த சிரிப்பொலியை அளந்து சேர்க்கும் இயந்திரத்தை 1950களில் அமெரிக்க ஒலிப் பொறியியலாளர் சார்ள்ஸ் டக்ளஸ் செய்தார். அந்தச் சிரிப்பு, பார்வையாளர் முன்னால் மூன்று கமராவில் எடுக்கும் முறைக்குப் பொருந்தும். விறாந்தையிலும் கடற்கரையிலும் எடுத்த காட்சிக்கு மேல் அதை ஒட்டினால் யார் சிரிக்கிறார்கள் என்ற கேள்விதான் எழும். கன்டீன் திரையில் உண்மையாகவே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்காதபடி பெரிய பகிடிக்குப் பின் ஒன்றரை நொடி இடம் விடுங்கள்.

எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும்?

கமரா நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடம் 375 மெகாபைட், ஒரு மணித்தியாலம் 22.5 கிகாபைட். 64 கிகாபைட் மெமரி காட் ஒன்றில் ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் அடங்கும். 10 நிமிட அத்தியாயத்துக்கு எட்டு மடங்கு எடுத்தால் கமராவுக்கு 80 நிமிடம், அதாவது 30 கிகாபைட்; இரண்டு கமராவுக்கு 60; ஆறு அத்தியாயத்துக்கு 360. இதை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில், இரண்டு பேர் அறைகளில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றும் 1 டெராபைட் என்றால் எடிட் பைல்களுக்கும் இடம் மிஞ்சும்.

வி30 என்று போட்ட காட் வாங்குங்கள். நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும். இரண்டு பிரதியும் திறந்து பார்த்த பின்னரே காட்டை அழிக்கவேண்டும், அழிப்பதும் கமராவுக்குள்ளேயே.

தனியாகப் பதிந்த ஒலி உதட்டோடு பொருந்தாமல் விலகுகிறதே?

போன் கமராக்கள் நொடிக்கு நொடி சட்டக வீதத்தை மாற்றிக்கொள்பவை. 0.1 சதவீத வித்தியாசம் 10 நிமிடத்தில் 0.6 நொடி, அதாவது 15 சட்டகம். எடிட்டுக்கு முன் போன் பைல்களை எல்லாம் ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான 25 சட்டகத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் காட்சி எண்ணைச் சொல்லிக் கைதட்டுங்கள், கைகள் கமராவுக்குத் தெரியும்படி. 3 நிமிடத்துக்கு மேல் ஒரே டேக்காக ஓடவிடாதீர்கள்.

எடிட்டில் எதைக் கவனிப்பது?

டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். லினக்ஸில் மட்டும் இலவசப் பதிப்பு போன், கமரா தரும் எச்.264 பைல்களைத் திறக்காது, விண்டோஸில் திறக்கும்.

முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். வானொலி நாடகமாக அது நிற்கவேண்டும். பிறகு நிறுத்தங்களை அளவிடுங்கள்: 25 சட்டகத்தில் 6 சட்டகம் கால் நொடி, பதிலைக் கால் நொடி முந்தினால் அவசரம், அரை நொடி பிந்தினால் யோசனை. வசனம் முடிவதற்கு 4 அல்லது 5 சட்டகம் முன்னரே கேட்பவரின் முகத்துக்கு வெட்டிப் பாருங்கள். உங்களுக்கு நூறு தடவை கேட்டுப் பகிடி சலித்திருக்கும். அதனால் நல்ல பகிடியை வெட்டிவிடும் பிழை இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. கதை தெரியாத மூவருக்குக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். யாரும் அசையாத இடத்தின் நேரத்தைக் குறியுங்கள்.

தமிழ் எழுத்துகள் திரையில் உடைகின்றன. சிங்கள உபதலைப்பு எப்படி?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முழுவதையும் யுனிகோடில் தட்டச்சுச் செய்யுங்கள். யுனிகோடிலும் "கொ", "கே" பிரிந்து நின்றால் மென்பொருளின் எழுத்து இயந்திரத்தை மாற்றவேண்டும். பிரீமியர் என்ற எடிட் மென்பொருளில் அது தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கான தெரிவு.

வளாகத்தில் சிங்கள மாணவர்களும் இருப்பதால் சிங்கள உபதலைப்பு கட்டாயம் என்றே சொல்வோம். அதை ஒரு சிங்கள நண்பரோடு இருந்து எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் பகிடி நிற்காது, அவர்கள் வாயில் என்ன வருமோ அதை வையுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். முக்கியமானது: கடைசிச் சொல்லை முன்கூட்டியே காட்டக்கூடாது. வசனம் நிறுத்தத்தில் உடைகிறது என்றால் உபதலைப்பும் அங்கே இரண்டாக உடையவேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் முன்னரே சிரிப்பார்கள், மீதிப் பேருக்கு வசனம் கேட்காது.

சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டுக்கும் பொருந்தும். யூடியூப் சில நொடித் துண்டையும் கண்டுபிடித்து உரிமைகோரல் போடும். மத்தளமும் சல்லாரியும் தெரிந்த ஒருவர் எந்த பட்சிலும் இருப்பார். அவரை ஒரு பின்னேரம் இருத்தி, 2 நொடி, 5 நொடி, 10 நொடி என்று 20 துண்டு பதிந்தால் தொடருக்கு முழுதும் காணும், தொடருக்கென்று ஒரு சொந்த ஒலியும் கிடைக்கும்.

வெளியிடும் பைல்?

1080, 25 சட்டகம், எச்.264. யூடியூபுக்கு ஒலியின் சராசரி −14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் −1 டெசிபெல். தொலைக்காட்சி நிலையம் கேட்டால் பெரும்பாலும் −23. யூடியூப் கூடிய சத்தத்தைக் குறைக்கும், குறைந்ததைக் கூட்டாது. முடித்த பைலை ஒருதரம் போன் ஒலிபெருக்கியில், ஒருதரம் கன்டீன் சத்தத்துக்குள் கேளுங்கள்.

யாராவது முறைப்பாடு செய்தால்?

அதற்கான வேலை எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. நடித்த ஒவ்வொருவரிடமும், எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், விலக விரும்பினால் என்ன செய்யலாம் என்று எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பின்னால் நடந்துபோகும் மாணவர்களுக்கு "இன்று படப்பிடிப்பு" என்று மும்மொழியிலும் ஓர் அறிவிப்பு. விரிவுரையாளர் பாத்திரம் யாராவது ஒரு விரிவுரையாளரின் நடையையோ பேச்சையோ பிரதி செய்யக்கூடாது. மூன்று பேரின் பழக்கத்தைக் கலந்து ஒருவரை உருவாக்குங்கள். வெளியிடுமுன் வேறு சமயத்தைச் சேர்ந்த ஒருவரும், ஒரு பெண்ணும், ஒரு முதலாம் வருட மாணவரும் பார்க்கவேண்டும். மூவரில் ஒருவர் முகம் சுளித்த இடத்தை விவாதித்து வெல்ல முயலவேண்டாம், வேறு பகிடி எழுதுங்கள்.

நடுவில் ஒரு நடிகர் விலகினால், அல்லது வளாகம் மூடப்பட்டால்?

இரண்டும் நடக்கும். ஆகவே அத்தியாய வரிசையில் எடுக்காமல் இட வரிசையில் எடுங்கள்: ஆறு அத்தியாயத்தின் விடுதி அறைக் காட்சிகளையும் தொடர்ந்து மூன்று நாளில், பிறகு கன்டீன், பிறகு வெளி. இறுதி வருட மாணவர்களின் காட்சிகள் எல்லாவற்றுக்கும் முந்த வேண்டும். ஒருவரின் தலைமயிரும் தாடியும் அந்த மூன்று நாளும் மாறாமல் இருக்கச் சொல்லுங்கள். விலகியவரின் பாத்திரத்தைப் போன் குரலாக மாற்றலாம், கதவுக்கு வெளியிலிருந்து கேட்கும் சத்தமாக மாற்றலாம். அவருடைய வெறுங்கட்டிலையும் கொடியில் தொங்கும் துவாயையும் காட்டினால் அவர் அங்கேயே இருப்பார். அதற்காகவே ஒவ்வொரு நடிகரிடமும் முதல் நாளிலேயே 20 பொது வசனங்களைக் குரலாகப் பதிந்து வையுங்கள்: "வாறன்", "ஆர் சொன்னது?", "எனக்குத் தெரியாது", "கொஞ்சம் பொறு மச்சான்".